இரண்டு லைனும் சாகும் மதியம்

"ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கணும். அதுக்குத்தானே மேடம் ரெண்டு லைன் போட்டேன்? ரெண்டும் ஒரே நேரத்துல சாகுது. அது எப்படி?"

ஃபோன் மேஜை மேல் மல்லாந்து கிடந்தது. அதிலிருந்து வந்தது அழுது முடித்த குரல்.

மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்கள். ஒருத்தி துப்பறிவாளர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் காயங்களையும் பொய்த் தீவிபத்துகளையும் முகர்ந்து பார்த்துப் பல வருஷம் சம்பளம் வாங்கியவள். இப்போது தனியாகத் தொழில் நடத்துகிறாள். தெரிந்தவர்கள் அவளை மோப்பம் என்பார்கள், முகத்துக்கு நேராக அல்ல. இன்னொருத்தி அவளுடைய நாத்தனார். பிராட்பேண்ட் கம்பெனியின் புகார் பிரிவில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, 'ரவுட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க சார்' என்று சொல்லிச் சொல்லியே வாய் வளர்த்தவள். அவளுக்கு வாயாடி என்று பெயர். அது முகத்துக்கு நேராகவே.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் மோப்பம்.

ஃபோனில் பேசிய மகள் சொன்னாள். அவள் வேலை பார்ப்பது வேறு ஊரில். அப்பா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். பேச்சு இல்லை, வலப்பக்கம் அசையாது. தம்பியும் தம்பி மனைவியும் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அவள் தன் பங்குக்கு அப்பாவின் அறையில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறாள். வேலைக்கு நடுவே எட்டிப் பார்ப்பாள். கேமராவிலேயே ஸ்பீக்கர் உண்டு, இரண்டு வார்த்தை பேசவும் செய்வாள். ஆனால் அந்த வீட்டில் நெட் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது.

"அதான் நானே படிச்சுப் பாத்து ஏற்பாடு பண்ணினேன். பழைய சாமான் விக்கிறவர்கிட்ட ரெண்டு லைனைத் தாங்குற ரவுட்டர் ஒண்ணு சல்லிசா கிடைச்சுது. முதல் லைன் வயர்ல வர்றது. ரெண்டாவது, சிம் போட்ட ஒரு டாங்கிள். கரண்ட் போனாலும் நிக்காம இருக்க ஒரு குட்டி பேட்டரிப் பெட்டி."

மோப்பம் நாத்தனாரைப் பார்த்தாள்.

"நம்ம அடுப்படி மாதிரிதான் அண்ணி" என்றாள் வாயாடி. "பெரிய மருமக கரண்டியை வெச்சுட்டு எழுந்தா, சின்ன மருமக ஓடி வந்து பிடிச்சுக்கணும். அதைப் பாத்துக்கிற மாமியார்தான் ரவுட்டர். நொடிக்கு நொடி வெளியுலகத்தைப் பாத்து 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேட்டுட்டே இருக்கும். பதில் வரலைன்னா ரெண்டாவது லைனைக் கூப்பிட்டு உட்கார வெச்சுடும். படம் ஒரு தடவை விக்கும், அப்புறம் சரியாயிடும்."

"மாட்டின அன்னிக்கு அப்படித்தான் ஆச்சு" என்றாள் மகள். "வயரைப் பிடுங்கிப் பாத்தோம். உடனே ரெண்டாவது லைன் எடுத்துக்கிச்சு. வீட்டுல எல்லாரும் நின்னு பாத்தாங்க. இப்ப கொஞ்ச நாளா மதியம் ஆனா கேமரா இருட்டாயிடுது. தினமும் இல்ல, வாரத்துல நாலஞ்சு நாள். சிம்ல போட்ட ஒரு மாச டேட்டாவும் ஒரே வாரத்துல தீர்ந்துடுது. அதான் காரணம்னு தம்பி சொல்றான்."

வாயாடி புருவத்தை உயர்த்தினாள். "உங்க கேமரா கோழி மாதிரி கொத்தித் தின்னும். ஒரு மாசம் ஓடவேண்டிய டேட்டாவை ஒரே வாரத்துல முழுங்கியிருந்தா, அது வேற யாரோட வயிறோ."

"இருட்டு விலகும்போது அப்பா எப்படி இருக்கார்?" என்று மோப்பம் கேட்டாள்.

"கண்ணெல்லாம் சிவந்து, அழுத மாதிரி. என் பக்கம் திரும்ப மாட்டேங்கிறார். அப்புறம்… சின்ன விஷயம்தான். தலையணையைத் திருப்பிப் போட்டிருக்காங்க. உறையில ஒரு பக்கம் பூப்போட்டிருக்கும், மறுபக்கம் வெள்ளை. இருட்டுக்கு முன்னாடி பூ, இருட்டுக்கு அப்புறம் வெள்ளை."

"சின்ன விஷயம் இல்லம்மா அது" என்றாள் மோப்பம்.

* * *

மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில் இறங்கினார்கள். கீழே மருமகளின் அழகு நிலையம். மேலே வீடு. மாடிக்கு இரண்டு வழி. அழகு நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு படி, பின்பக்கச் சந்திலிருந்து இரும்புப் படி ஒன்று.

"அக்கா சொன்ன நெட் ஆளுங்களா? வாங்க, வாங்க!"

மகன் கை கூப்பி வரவேற்றான். மெலிந்த உருவம், மென்மையான குரல். அடுத்த தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. இவர்கள் வருகிறார்கள் என்று இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னான். மதியம் வீட்டுக்கு வருவது கிடையாது. சாப்பாடு கடையிலேயே.

பெரியவரின் அறைக் கதவைத் திறந்ததும் வாயாடி புடவைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனாள். பினாயில், அதற்கடியில் மூத்திரம், ரெண்டுக்கும் மேலே எதுவோ இனிப்பாக ஒரு வாசனை. தரையில் கால் ஒட்டியது. கட்டிலில் ஒரு பெரிய மனிதர் சுருங்கிக் கிடந்தார். எதிர்ச் சுவரில் கேமரா.

மகன் ஓடிப்போய் அப்பாவின் கடைவாயைத் துண்டால் துடைத்தான். "அப்பாதாங்க என் தெய்வம். இவரை விட்டா எனக்கு யார் இருக்கா?"

துடைக்கும்போது அவன் கண் அப்பாவின் வாயில் இல்லை. வந்தவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்தது. துண்டு வாயைத் தாண்டிக் கன்னத்தில் போய்க்கொண்டிருந்தது. மோப்பம் அதைக் கவனித்தாள். ஆனால் பாசத்தைக் காட்டிக்கொள்வது குற்றமில்லை. அதற்கு ஆளைப் பிடிப்பதென்றால் பாதி ஊரைப் பிடிக்க வேண்டும்.

அவள் குனிந்தாள். "பெரியவருக்குத் தலைவலி வருமா?"

"ஏங்க?"

"கண்ணு பக்கத்துல தைல வாசனை."

"ஆமாங்க, அப்பப்போ. என் வீட்டுக்காரி தடவி விடுவா." அவன் குரலைத் தாழ்த்தினான். "அவ கொஞ்சம் கோவக்காரி. மனசுல ஒண்ணும் கிடையாது. ஆனா அப்பாவைப் பாத்துக்கிறதுல… நான் எதையும் சொல்லக்கூடாது. மதியம் அவதான் மேல வந்து துணி மாத்தி விடுறா."

இதற்குள் வாயாடி கூடத்தில் நாற்காலி போட்டு ஏறியிருந்தாள். அலமாரி உச்சியில் ரவுட்டர், பேட்டரிப் பெட்டி, ரவுட்டரின் முதுகில் விரல் நீளத்துக்கு டாங்கிள்.

"அண்ணி, கொஞ்சம் வந்து நாற்காலியைப் பிடிங்களேன். நான் விழுந்தா உங்க வீட்டுக்காரர் தங்கச்சி போயிடுவா."

மோப்பம் போனாள். வாயாடி வாயைத் திறக்காமல் கண்ணால் காட்டினாள். ரவுட்டர் மேல் தூசு போர்வை மாதிரி படிந்திருந்தது. பேட்டரிப் பெட்டி மேலும் அப்படியே. டாங்கிள் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு விரல் தடம், செம்பழுப்பாக, உலர்ந்து.

"ரத்தம்" என்று வாயாடி முணுமுணுத்தாள்.

மோப்பம் டாங்கிளை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். திரும்பி அறைக்குள் போய், பெரியவரின் தலையைத் தாங்கி, தலையணையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பூக்களுக்கு நடுவே அதே நிறம், அங்கங்கே தீற்றலாக. அதையும் முகர்ந்தாள்.

பெரியவர் அவளையே பார்த்தார். இடது கண்ணிமை துடித்தது. ஏதோ சொல்ல நினைத்து, முடியாமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முடிஞ்சுதுங்களா?" வாசலிலிருந்து ஒரு கடுமையான குரல். மருமகள். கண்ணில் கறுப்பு, உதட்டில் அடர்சிவப்பு, இடுப்பில் கை. "மாமாவுக்கு எதுக்கு ரெண்டு லைன்? அங்க உக்காந்து கேமராவுல பாக்குறவங்களை ஒருநாள் வந்து பீ அள்ளச் சொல்லுங்க. அப்புறம் மூணு லைன்கூட போடலாம்."

அவள் திரும்பிப் போனாள். போன இடத்தில் அந்த இனிப்பான வாசனை நின்றது. ரோஜா.

* * *

தெருவோரம் நிறுத்தியிருந்த காரில் ஏறியதும் வாயாடி வெடித்தாள். "அவதான் அண்ணி! சந்தேகமே இல்ல. அந்த உதட்டுச் சாயத்துல ஒரு வீட்டுக்கே பெயின்ட் அடிக்கலாம்."

"ரத்தத்துக்கு ரோஜா வாசனை வராது. அதுவரைக்கும் சரி" என்றாள் மோப்பம். கை துடைக்கும் ஈரத்தாளை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள். "டாங்கிள் மேல தூசு இல்ல. அப்ப அதை யாரோ அடிக்கடி கழட்டி மாட்டுறாங்க. முதல்ல டாங்கிளைக் கழட்டுறது, அப்புறம் வயரைப் பிடுங்குறது. ரெண்டும் போச்சுன்னா?"

"மாமியார் கூப்பிட மருமகளே இல்ல. கேமரா குருடு. வேலை முடிஞ்சதும் ரெண்டையும் மாட்டிட்டா எல்லாம் பழையபடி. நெட் போச்சுன்னு கம்பெனி மேல பழி. அடிச்சவனை விட்டுட்டு ஆறு வருஷம் நான் வாங்கின திட்டெல்லாம் இப்படித்தான் அண்ணி." வாயாடி நிறுத்தினாள். "சரி, டேட்டா எங்க போகுது?"

"கழட்டின டாங்கிளைச் சும்மா கையில வெச்சுட்டு நிப்பாங்களா? ஒரு பவர் பேங்க்ல செருகினா அதுவே வைஃபை கொடுக்கும்னு நீதானே சொன்ன. அந்த நெட்ல எதையோ வெளியில அனுப்புறாங்க. நிறைய."

"எதை?"

"அதைக் கண்ணால பாக்கணும்."

"கேமராவைத்தான் குருடாக்கிடுறாளே. இன்னொரு கேமரா ஒளிச்சு வைப்போமா?"

"வேண்டாம். புதுசா எதையும் கண்ணுல படற மாதிரி வைக்கக்கூடாது." மோப்பம் யோசித்தாள். "அந்த ரவுட்டர் ரெண்டு லைனைத்தான் பாக்குமா? மூணாவதா ஒண்ணு காமிச்சா?"

வாயாடியின் வாய் மெல்ல விரிந்தது. "அண்ணி! என் பழைய ஃபோன் ஒண்ணு இருக்கு. திரை உடைஞ்சு கிடக்கு, ஆனா உயிர் இருக்கு. ஒரு சிம் போட்டு ஹாட்ஸ்பாட்டைத் திறந்து விட்டா, இந்த ரவுட்டர் காத்து வழியாவே அதைப் பிடிச்சுக்கும். வயரும் வேண்டாம், செருகவும் வேண்டாம். கையில ரெண்டையும் பிடுங்கி வெச்சுக்கிட்டு அவ நிம்மதியா இருப்பா. மாமியார் சத்தமில்லாம மூணாவது மருமகளைக் கூப்பிட்டுக்கும்!"

"கேமராவுல ஒரு விளக்கு எரியுதே? நீலம் இருந்தா நெட் இருக்கு, சிவப்பு இருந்தா இல்லைன்னு."

"அதை அணைக்கவும் ஒரு வசதி இருக்கு. அப்பா தூக்கத்துக்கு இடைஞ்சல்னு மகளையே ஃபோன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே 'ஒரு திருகாணி விட்டுட்டோம்' என்று சொல்லிக்கொண்டு மறுபடி ஏறினார்கள். மகன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருந்தான். இவர்களைக் கண்டதும்தான் பிடிக்க ஆரம்பித்தான் என்று வாயாடி அப்புறம் சொன்னாள். உடைந்த ஃபோன் கூடத்துப் பரண்மேல், பெரியவருக்கு வாங்கிய டயப்பர் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், கனத்த பவர் பேங்க் ஒன்றோடு சேர்ந்து படுத்துக்கொண்டது.

* * *

மறுநாள் மதியம் அழகு நிலையத்தில் வாயாடி நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். மோப்பம் காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் ஃபோனைப் பார்ப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள். உண்மையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திரையில் பெரியவரின் அறை. காதில் மகளின் மூச்சு. அவளும் வேறொரு ஊரில், அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டம் எளிது. மருமகள் எப்போது மேலே போகிறாள் என்று பக்கத்திலிருந்தே பார்ப்பது. அவள் எழுந்ததும் பின்னாலேயே போவது.

மருமகள் நூலைப் பல்லில் கடித்து வாயாடியின் புருவத்தில் ஓட்டினாள்.

"ஐயோ! மெதுவா. இது புருவம்மா, புதர் இல்ல."

"புதர்தான். எத்தனை வருஷமா விட்டு வெச்சிருக்கீங்க?"

"மாமனாரைப் பாக்க மேல போகணும்னா போயிட்டு வாங்க, நான் இப்படியே இருக்கேன்" என்று வாயாடி தூண்டில் போட்டாள்.

"பன்னெண்டு மணிக்கே போய்த் துணி மாத்திட்டு வந்துட்டேன். இனிமே சாயங்காலம்தான். இடுப்புல ஒரு புண்ணு இருக்கு, ராத்திரி மருந்து வெச்சு விடணும்." நூல் ஓடியது. "அது என்னமோ ஆறவே மாட்டேங்குது."

ஒரு புருவம் முடிந்தது. மருமகள் இன்னொன்றுக்கு நூலைப் பிடித்தாள்.

மோப்பத்தின் திரையில் படம் ஒரு தடவை விக்கியது. உறைந்தது. மறுபடி நகர்ந்தது.

மகள் காதில் கிசுகிசுத்தாள். "மேடம், முதல் லைன் போச்சு. ரெண்டாவதும் இல்ல. இப்ப நாம பாக்குறது மூணாவது லைன்ல."

மோப்பம் நிமிர்ந்து பார்த்தாள். மருமகளின் நூல் வாயாடியின் இடது புருவத்தின்மேல் இருந்தது. ஒரு முனை அவள் பல்லில், மிச்ச நூல் அவள் இரண்டு கை விரல்களிலும். அவள் எங்கேயும் போகவில்லை.

திரையில் கதவு திறந்தது. மகன் உள்ளே வந்தான்.

கடையில் இருக்கவேண்டியவன். சந்துப்பக்க இரும்புப் படியில் ஏறி வந்திருக்கிறான். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் பவர் பேங்க், அதில் செருகிய டாங்கிள். கேமராவை ஒரு பார்வை பார்த்தான். விளக்கில்லை. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டான்.

அவன் முதலில் அப்பா மேலிருந்த நல்ல போர்வையை உருவி மூலையில் எறிந்தான். பையிலிருந்து ஒரு கிழிந்த, கறைபட்ட துணியை எடுத்து மேலே போட்டான். அப்பாவின் சட்டையைத் தூக்கினான். பிறகு ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, விரலில் தைலம் எடுத்து, அப்பாவின் இரண்டு கண்ணுக்கும் கீழே பூசினான். பெரியவர் தலையை இப்படியும் அப்படியும் புரட்டினார். அவன் ஒரு கையால் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரும்வரை காத்திருந்தான். கொட்டாவி விட்டான்.

"கடவுளே" என்றாள் மகள்.

அடுத்து உதட்டுச் சாயம். குழைத்துக் குழைத்து அப்பாவின் முதுகில், தோளில், இடுப்பில் புண் வரைந்தான். நன்றாகவே வரைந்தான். ஓரத்தில் கறுப்பு, நடுவில் சிவப்பு. பழகிய கை.

ஃபோனைத் தாங்கியில் நிறுத்தினான். தலைமுடியைக் கலைத்துக்கொண்டான். கொட்டாவி விட்ட அதே வாய் கோணியது. அழ ஆரம்பித்தான்.

"வணக்கம் என் உறவுகளே. இன்னிக்கும் அப்பாவுக்கு ரொம்ப முடியல. பாருங்க, எப்படி ரணமாயிருக்குன்னு. எனக்கு ஒரு அக்கா இருக்கா. பெரிய வேலை. பெத்த அப்பனை ஒரு தடவை எட்டிப் பாக்கல. கட்டினவளும் கைவிட்டுட்டா. நான் ஒருத்தன்தான் உறவுகளே. அப்பாவுக்காக எல்லாரும் ஒரு இதயம் அழுத்துங்க…"

அழகு நிலையத்தில் நூல் அறுந்தது.

மருமகள் எப்போது பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றாள் என்று மோப்பத்துக்குத் தெரியவில்லை. உதட்டுச் சாயத்தையும் மீறி அவள் உதடு வெளுத்திருந்தது.

"அது என்னோட மேக்கப் பெட்டி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அடுத்த நொடி படியேறி ஓடிக்கொண்டிருந்தாள்.

மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள். பாதிப் படியில் இருக்கும்போதே மேலே அறையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"தம்பி."

கேமராவின் ஸ்பீக்கர். மகள் பொறுக்கமுடியாமல் பேசிவிட்டாள்.

"நான் எட்டிப் பாக்கலையாடா? பாத்துட்டுத்தான் இருக்கேன். அப்பா மேலேருந்து கையை எடு."

மூவரும் வாசலில் வந்து நின்றபோது அவன் வாயைப் பிளந்துகொண்டு கேமராவைப் பார்த்தபடி இருந்தான். கட்டிலில் கிடந்த டாங்கிளைத் தொட்டுப் பார்த்தான். கூடத்துப் பக்கம் திரும்பி, தொங்குகிற வயரைப் பார்த்தான்.

"நெட்தான் இல்லையே!" என்றான்.

நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

மருமகள் மூலையிலிருந்த போர்வையை எடுத்து உதறினாள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, பஞ்சை நனைத்து, மாமனாரின் கண்ணுக்குக் கீழே முதலில் துடைத்தாள். அப்புறம் தோள், அப்புறம் முதுகு. சாயம் கரைந்து வழிந்தது. இடுப்புக்கு வந்ததும் அவள் கை நின்றது.

மோப்பம் குனிந்து பார்த்தாள். சிவப்பு கரைந்த இடத்தில் இன்னொரு சிவப்பு இருந்தது. அது கரையவில்லை. நிஜப் புண். அதன் வாய்க்குள் சாயம் அப்பிக் கிடந்தது.

பொய்க் காயங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் அவள். கோழி ரத்தம் பூசி வந்தவனைப் பார்த்திருக்கிறாள், கை ஒடிந்ததாகக் கட்டுப் போட்டுக்கொண்டு பந்தாடியவனைப் பார்த்திருக்கிறாள். நிஜப் புண்மேல் பொய்ப் புண் வரைந்தவனை அன்றுதான் பார்த்தாள்.

"ராத்திரி ராத்திரி மருந்து வெச்சேன்" என்றாள் மருமகள், பஞ்சைப் பிடித்தபடி. "எவ்ளோ கழுவினாலும் சிவப்பா ஏதோ வந்துட்டே இருக்கும். ரத்தம்னு நெனச்சேன். ஏன் ஆறலைன்னு என்னையே திட்டிக்கிட்டேன். மாமா… என்னை மன்னிச்சுடுங்க மாமா. உங்களைத் திட்டிட்டே துடைச்சேனே."

பெரியவரின் இடது கை மெல்ல நகர்ந்து அவள் மணிக்கட்டின்மேல் விழுந்தது. அங்கேயே இருந்தது.

வாயாடி கூடத்து ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள்.

"காசுக்காகவா?" என்று மோப்பம் மகனைக் கேட்டாள்.

"ஐயோ, காசெல்லாம் வாங்கல மேடம்" என்றான் அவசரமாக. அது தன்னைக் காப்பாற்றும் என்று நம்புகிறவன் மாதிரி. "சத்தியமா ஒரு பைசா வாங்கல. எல்லாரும்… நல்ல மகன்னு சொன்னாங்க. தினமும் சொன்னாங்க. கடையில என்னை யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. இங்க வந்தா தெய்வ மகன்னு எழுதுறாங்க. நான் அடிக்கலையே மேடம்? சும்மா சாயம்தானே?"

பணத்துக்காகச் செய்திருந்தால்கூட ஒரு கணக்கு இருந்திருக்கும், அவன்மீது கொஞ்சம் குறைவாகக் குமட்டியிருக்கும் என்று மோப்பத்துக்குத் தோன்றியது. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். வாசனை போகவில்லை. மறுபடி கழுவினாள்.

மகள் போலீசுக்குச் சொல்லிவிட்டாள். கேமராவில் பதிவான அத்தனையும் அவளிடம் இருந்தது. டாக்டர் வந்தார். புண்ணைப் பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் உள்ளே இறங்கியிருக்கும் என்றார். மருமகள் பெரியவரோடு வண்டியில் ஏறினாள். ஏறும் முன் புருஷனின் துணிமணிகளை ஒரு பையில் போட்டு வெளியே வைத்தாள். "மாமா இங்கதான் திரும்பி வருவார். இவர் வர வேண்டாம்" என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டுப் போனாள். மகள் அன்று மாலை ரயிலுக்கே கிளம்பிவிட்டதாகச் சொன்னாள்.

ரெண்டு கான்ஸ்டபிள்கள் மகனைப் படியிறக்கி ஜீப்பை நோக்கி நடத்தினார்கள். தெருவில் கொஞ்சம் பேர் கூடியிருந்தார்கள். வாயாடி ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு புருவம் வில்லாகவும் ஒரு புருவம் புதராகவும் அவள் நின்ற கோலத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அவள் அருகே வந்ததும் அவன் நின்றான். அப்பாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு நெட் விஷயமெல்லாம் தெரியும்ல?" என்றான் மகன், தாழ்ந்த குரலில். "என் ஃபோனை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. கடைசியா எத்தனை பேர் பாத்துட்டிருந்தாங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்ல முடியுமா?"

வாயாடி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

கான்ஸ்டபிள் அவன் தலையை அழுத்தி ஜீப்புக்குள் தள்ளினார்.